கர்ப்ப காலத்தில் உதட்டுக் கொப்புளம்: முதல் குறுகுறுப்பிலிருந்து குழந்தையின் முதல் மாதம் வரை

காலையில் பல் துலக்கும்போது கீழுதட்டின் ஓரத்தில் ஒரு குறுகுறுப்பு தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மதியத்துக்குள் அந்த இடம் சிவந்து தடித்து, மிளகாய் பட்டது போல எரியத் தொடங்கும். மறுநாள் கடுகளவு நீர்க்கொப்புளங்கள் ஐந்தாறு கொத்தாக எழுந்து நிற்கும். பார்ப்பவர்கள் "பல்லி எச்சம் பட்டிருக்கும்", "உடம்புச் சூடு", "உள்காய்ச்சல்" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மற்ற நாட்களில் இதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடுகிற பெண், வயிற்றில் குழந்தை இருக்கும்போது அதே கொப்புளத்தைக் கண்டு கைப்பேசியில் தேடி, "ஹெர்பீஸ்" என்ற சொல்லைப் படித்ததும் இரவுத் தூக்கத்தை இழந்துவிடுகிறாள்.

என் முதல் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் எனக்கு நேர்ந்தது இதுதான். கொப்புளத்தைவிட அச்சமே என்னை அதிகம் வாட்டியது. அந்த அச்சத்தில் ஒரு மருந்துக் கடையில் காட்டி, கொடுத்த களிம்பைக் கேள்வி கேட்காமல் தடவி, மூன்று நாளில் கொப்புளத்தை மேலும் பரவவிட்டேன். எதை முதலில் பார்க்க வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை, எப்போது தாமதிக்கவே கூடாது என்று அன்று யாரேனும் வரிசையாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். முதன்முறை தாயாகப் போகிறவர்களுக்காக அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது மருத்துவரிடம் போவதற்கு மாற்று அல்ல. போகும்போது என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கான துணை.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. ஏற்கெனவே வந்து போய்க்கொண்டிருக்கும் உதட்டுக் கொப்புளம் கர்ப்ப காலத்தில் மீண்டும் வந்தால், அதனால் வயிற்றிலுள்ள குழந்தை பாதிக்கப்படுவது மிக மிக அரிது. உண்மையான கவனம் தேவைப்படும் இடங்கள் வேறு இரண்டு: கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், இந்தக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பீஸ் வைரஸ் முதன்முறையாகத் தொற்றுவது ஒன்று, பிறந்த குழந்தையின் முதல் நான்கு வாரங்கள் மற்றொன்று. நம் வீடுகளில் அச்சம் முழுவதும் கர்ப்பிணியின் உதட்டின் மேல் விழுகிறது. குழந்தை பிறந்த பிறகோ, உதட்டில் பொருக்கோடு வருகிற உறவினர் முத்தம் கொடுப்பதை யாரும் தடுப்பதில்லை.

இது எந்தக் கொப்புளம் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் முதல் வகை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 380 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 64 பேர், இந்த வைரஸை உடலில் சுமக்கிறார்கள். பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டாரின் எச்சில் வழியாகவும் முத்தத்தின் வழியாகவும் இது வந்துவிடுகிறது. ஆகவே இதில் வெட்கப்படவோ, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் சந்தேகிக்கவோ எந்த அடிப்படையும் இல்லை.

அடையாளம் எளிது. உதட்டின் வெளி ஓரத்திலோ, உதடும் தோலும் சேரும் கோட்டிலோ, மூக்கின் கீழோ, நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக வரும். ஓரிரு நாளில் உடைந்து புண்ணாகி, பிறகு பழுப்பு நிறப் பொருக்குக் கட்டி, ஏழு முதல் பத்து நாட்களில் வடுவின்றி ஆறிவிடும். முன்பு வந்த அதே இடத்தில் மீண்டும் வருவது இதன் தனித்தன்மை. உதட்டின் உட்பக்கத்திலும் கன்னத்தின் உள்ளேயும் நாக்கின் கீழும் வெண்மையாக வட்டமாக வருவது சாதாரண வாய்ப்புண். அது வைரஸால் வருவதல்ல, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. வாயின் இரண்டு ஓரங்களும் வெடித்து, வாயைத் திறந்தால் வலித்தால், இரும்புச்சத்தோ பி வைட்டமின்களோ குறைந்திருக்கலாம், அல்லது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இரத்தசோகை பரவலாக உள்ள நம் கர்ப்பிணிகளிடம் இது அடிக்கடி காணப்படுவதால், அடுத்த பரிசோதனையின்போது ஹீமோகுளோபின் அளவைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கொப்புளங்கள் உதட்டோடு நில்லாமல் நெஞ்சிலும் முதுகிலும் வயிற்றிலும் பரவினால் அது சின்னம்மையாக இருக்கக்கூடும். கர்ப்பிணிக்குச் சின்னம்மை நுரையீரலைத் தாக்கும் அளவுக்குக் கடுமையாகலாம். பிரசவ நேரத்தில் வந்தால் குழந்தைக்கும் ஆபத்து. அம்மை வந்தால் வேப்பிலை வைத்து வீட்டோடு இருக்க வேண்டும், மருந்து சாப்பிடக் கூடாது என்ற வழக்கம் உள்ள வீடாக இருந்தாலும், கர்ப்பிணியின் விஷயத்தில் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். வேப்பிலை வீட்டில் இருக்கட்டும். மருத்துவரைப் பார்ப்பதை அது தடுக்க வேண்டியதில்லை. காத்திருப்புக் கூடத்தில் வேறு கர்ப்பிணிகளும் இருப்பார்கள் என்பதால், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

முன்பு வந்ததா, இதுவே முதன்முறையா?

மருத்துவர் கேட்கும் கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். ஆகவே பதிலைச் சிறு வயதிலிருந்து யோசித்து வையுங்கள். தேர்வு நேரத்தில், காய்ச்சலுக்குப் பின், வெயிலில் அலைந்த பின், மாதவிலக்கையொட்டி உதட்டில் இப்படி வந்ததுண்டா என்று அம்மாவிடமும் கேளுங்கள்.

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். முதன்முறை தொற்றிய பிறகு இந்த வைரஸ் உடலை விட்டு நீங்குவதில்லை. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சில் போய் உறங்கிக் கிடக்கிறது. உடல் களைத்தபோது, காய்ச்சலின்போது, கடும் வெயில் பட்டபோது, மனம் நெருக்கடியில் இருக்கும்போது விழித்து, அதே நரம்பு வழியாக இறங்கி உதட்டுக்கு வருகிறது. ஆனால் முதல் தொற்றுக்குப் பின் சில வாரங்களில் உடல் இதற்கெதிரான எதிர்ப்பொருள்களை உருவாக்கிவிடுகிறது. அதனால் மறுபடி வரும்போது வைரஸ் இரத்தத்தில் பரவாமல் உதட்டளவில் நின்றுவிடுகிறது. அதோடு, தாயின் எதிர்ப்பொருள்கள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குள் சென்று சேர்கின்றன. பல ஆண்டுகளாக உதட்டுக் கொப்புளம் வந்து போகும் தாய், தன்னை அறியாமலே தன் குழந்தைக்கு ஒரு கவசத்தைக் கொடுத்து அனுப்புகிறாள்.

முதன்முறையாகக் கர்ப்ப காலத்தில் தொற்றினால் இந்தக் கவசம் உருவாக அவகாசம் வேண்டும். மூன்றாம் மாதத்தில் தொற்றினால் பிரசவத்துக்குள் எதிர்ப்பொருள்கள் உருவாகிக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஒன்பதாம் மாதத்தில் தொற்றினால் அதற்கு நேரம் போதாது. முதல் தொற்று பல நேரங்களில் உதட்டளவில் நிற்பதில்லை. காய்ச்சல், ஈறு வீங்கி இரத்தம் கசிதல், வாய் முழுவதும் புண், கழுத்தில் நெறி கட்டுதல், எச்சில் விழுங்க முடியாத வலி ஆகியவை சேர்ந்து வரும். இப்படி வந்தால் எந்த மாதமாக இருந்தாலும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் முறையாக வரும் சாதாரணக் கொப்புளம் என்றால் அவசரம் இல்லை. அடுத்த பரிசோதனையில் சொல்லி, தாய் சேய் நல அட்டையிலோ மருத்துவமனைக் குறிப்பேட்டிலோ எழுதச் சொல்லலாம்.

'டார்ச்' பரிசோதனை முடிவைப் பார்த்துக் கலங்க வேண்டாம்

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம், இந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் கர்ப்பத்தின் தொடக்கத்திலோ கருச்சிதைவுக்குப் பிறகோ 'டார்ச்' என்ற பெயரில் ஒரு தொகுப்பு இரத்தப் பரிசோதனையை எழுதித் தருவது உண்டு. முடிவுத் தாளில் 'ஹெர்பீஸ் ஐஜிஜி: பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் அச்சாகி வரும். அதன் பொருள், என்றோ ஒரு நாள் இந்த வைரஸ் உடலுக்குள் வந்திருக்கிறது, உடல் அதற்கு எதிர்ப்பொருள் உருவாக்கி வைத்திருக்கிறது என்பது மட்டுமே. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இந்த முடிவு இப்படித்தான் வரும். முன்பத்தியில் சொன்ன கவசம் இருக்கிறது என்பதற்கான சான்றும் இதுவே.

'ஐஜிஎம்' பாசிட்டிவ் என்று வந்தால் புதிய தொற்று என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். ஹெர்பீஸைப் பொறுத்தவரை அந்தப் பரிசோதனை நம்பத்தக்கதல்ல. பழைய தொற்று மீண்டும் எழும்போதும் அது பாசிட்டிவ் ஆகலாம், வேறு வைரஸ்களால் தவறாகவும் பாசிட்டிவ் காட்டலாம். அறிகுறி இல்லாத கர்ப்பிணிகளுக்கு ஹெர்பீஸ் இரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016-இல் சொல்லி, 2023-இல் அதையே மீண்டும் உறுதிப்படுத்தியது. ஆகவே அந்த ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு கருவைக் கலைப்பது பற்றியோ, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவது பற்றியோ எந்த முடிவும் எடுக்காதீர்கள். கொப்புளம் கண்ணுக்குத் தெரியும்போது அதிலிருந்தே மாதிரி எடுத்துச் செய்யும் பிசிஆர் பரிசோதனைதான், தேவைப்பட்டால், உறுதியான பதிலைத் தரும்.

குறுகுறுப்பு தொடங்கிய முதல் நாள்

வைரஸ் மிக வேகமாகப் பெருகுவது கொப்புளம் எழுவதற்கு முன்பும் எழுந்த முதல் நாளிலும்தான். அதனால் எந்த மருந்தானாலும் குறுகுறுப்பு தெரிந்தவுடன் தொடங்கினால்தான் பலன் உண்டு. பொருக்குக் கட்டிய பின் தடவும் மருந்தால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அடிக்கடி வருபவர்கள் அடுத்த பரிசோதனையிலேயே மருத்துவரிடம் கேட்டு மருந்தை வீட்டில் வாங்கி வைத்திருப்பது நல்லது.

தடவும் மருந்து ஐந்து சதவீத அசைக்ளோவிர் களிம்பு. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, விழித்திருக்கும் நேரத்தில் நாளுக்கு ஐந்து முறை, நான்கைந்து நாட்கள் தடவ வேண்டும். தோல் வழியாக இரத்தத்தில் கலக்கும் மருந்தின் அளவு மிகச் சொற்பம். எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் களிம்பு புண்ணை அரை நாளிலிருந்து ஒரு நாள் முன்னதாக ஆற்றும், அவ்வளவே. தடவாமல் விட்டாலும் அது தானே ஆறும். மருந்தே வேண்டாம் என்று முடிவு செய்கிற கர்ப்பிணி எந்தத் தவறும் செய்யவில்லை.

தடவும் முறை முக்கியம். முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றின் நுனியில் பச்சைப்பயறு அளவு களிம்பை எடுத்து, கொப்புளத்தின் மேலும் அதைச் சுற்றிச் சிவந்திருக்கும் ஓரத்திலும் ஒற்றி ஒற்றி வையுங்கள்; அழுத்தித் தேய்த்தால் கொப்புளம் உடைந்து நீர் பக்கத்துத் தோலில் பரவும். ஒருமுறை உதட்டில் பட்ட குச்சியை மீண்டும் டியூபின் வாயில் வைக்காமல் எறிந்துவிட்டு, மறுபடி கையைக் கழுவுங்கள். கழுவாத கையால் கண்ணைத் தேய்ப்பதுதான் இதில் நேரக்கூடிய பெரிய தவறு, ஏனெனில் இந்த வைரஸ் கருவிழியைத் தாக்கினால் பார்வையே மங்கலாம். கண்ணில் லென்ஸ் அணிபவர்கள் புண் ஆறும் வரை கண்ணாடிக்கு மாறிக்கொள்ளலாம்.

மாத்திரை தேவையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதல் தொற்று, வாய் முழுவதும் புண், அடிக்கடி கடுமையாக வருவது, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளைச் சாப்பிடுவது போன்ற நிலைகளில் அசைக்ளோவிர் அல்லது வாலசைக்ளோவிர் மாத்திரை எழுதுவார்கள். "மாசமா இருக்கும்போது மாத்திரையா?" என்று வீட்டில் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் இயல்பானதுதான். இந்த மருந்து வைரஸ் புகுந்த செல்லுக்குள்தான் முழுமையாகச் செயல்படத் தொடங்குகிறது. வைரஸின் நொதியே அதைத் தூண்டிவிட வேண்டும். இது உருவாகக் காரணமான ஆய்வுக்குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. டென்மார்க்கில் 1996 முதல் 2008 வரை நடந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், முதல் மூன்று மாதங்களில் இந்த வகை மருந்துகளை எடுத்த 1,804 தாய்மாரின் குழந்தைகளில் பெரிய பிறவிக் குறைபாடு 2.2 சதவீதமாகவும், எடுக்காதவர்களிடையே 2.4 சதவீதமாகவும் இருந்தது. கூடுதல் ஆபத்து தென்படவில்லை. ஆகவே மருத்துவர் காரணத்தோடு எழுதிக் கொடுத்த மாத்திரையை அச்சத்தால் பாதியில் நிறுத்த வேண்டாம். பழைய சீட்டை வைத்து நாமாக வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம். மாத்திரை எடுக்கும் நாட்களில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தடவக் கூடாதவை

எனக்கு அன்று கடையில் கிடைத்தது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. கிருமிநாசினி, பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் ஒரே டியூபில் அடைத்து, எந்தத் தோல் பிரச்சினைக்கும் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தணித்துவிடுவதால், சிவப்பு குறைந்தது போலத் தோன்றும்போதே வைரஸ் தாராளமாகப் பெருகும். டியூபின் மேல் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், ட்ரையாம்சினலோன் போன்ற பெயர் இருந்தால் இந்தக் கொப்புளத்தில் தடவாதீர்கள். வாய்ப்புண்ணுக்கென்று விற்கும் சில ஜெல்களில் கோலின் சாலிசிலேட் இருக்கிறது. அது ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் கர்ப்ப காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு தடவினால் தோல் வெந்து புண் பெரிதாகும். பற்பசையும் எரிச்சலைத்தான் கூட்டும். ஊசியால் குத்தி நீரை வெளியேற்றினால் உள்ளிருக்கும் வைரஸ் விரலுக்கும் பக்கத்துத் தோலுக்கும் போகும், சீழும் பிடிக்கும். அக்கி என்று நினைத்துக் காவி எழுத அழைத்துப் போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பெரியவர்களின் அக்கறையை மதித்தாலும், உடைந்த புண்ணின் மேல் மண்ணைப் பூசுவது பாக்டீரியாவை வரவழைப்பதாகும் என்று பணிவாகச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

பனிக்கட்டியைச் சுத்தமான மெல்லிய துணியில் சுற்றிச் சில நிமிடம் ஒற்றி எடுத்தால் எரிச்சல் தணியும். பொருக்கு வெடிக்காமல் இருக்க வாசலின் தடவலாம். அதையும் விரலை விட்டு எடுக்காமல் பஞ்சுக் குச்சியால் எடுங்கள்.

வலியும் சாப்பாடும்

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவற்றை வலி மாத்திரையாக நாமே வாங்கிச் சாப்பிடக் கூடாது. குறிப்பாக 20 வாரங்களுக்குப் பின் இபுபுரோஃபென் போன்றவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரித்தது. இரத்த அழுத்தத்துக்காக மகப்பேறு மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம். அதை நிறுத்தக் கூடாது.

ஊறுகாய், புளிக்குழம்பு, மிளகாய்ப்பொடி ஆகியவை புண்ணில் பட்டால் உயிர் போகும். நான்கு நாட்கள் தயிர்சாதம், குழைந்த பருப்புச் சாதம், இட்லி, மோர், இளநீர் என்று ஓட்டிவிடலாம். வலிக்கிறது என்று சாப்பிடாமலும் குடிக்காமலும் இருப்பதுதான் கர்ப்பிணிக்குக் கெடுதல். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ வெகுநேரம் போகாமலிருந்தாலோ உடலில் நீர் குறைந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். வெயிலால் கொப்புளம் வரும் பழக்கம் உள்ளவர்கள் பரிசோதனைக்குப் பேருந்துக்காக நிற்கும்போது குடை பிடிப்பதும், சூரிய ஒளியைத் தடுக்கும் உதட்டுப் பூச்சைப் பயன்படுத்துவதும் பலன் தரும்.

வீட்டில் உள்ளவர்கள்

எச்சில் என்ற பழைய கட்டுப்பாடு இங்கே உண்மையாகவே உதவுகிறது. டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது, ஒருவர் கடித்ததை மற்றவர் சாப்பிடாமலிருப்பது, தனித் துண்டு வைத்துக்கொள்வது ஆகிய பழக்கங்களை இந்தப் பத்து நாட்களுக்கேனும் கடைப்பிடியுங்கள். கொப்புளம் இருப்பது கர்ப்பிணிக்கு என்றால் வீட்டிலுள்ள கைக்குழந்தைகளுக்கு முத்தம் கொடுக்க வேண்டாம். வீட்டில் வேறு யாருக்கேனும் என்றால், இதுவரை கொப்புளமே வராத கர்ப்பிணி அவர்களிடமிருந்து சற்று விலகி இருக்க வேண்டும். வளைகாப்பில் சந்தனம் பூசும் கைகளால் ஆபத்தில்லை. கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிடும்போதுதான் கவனம் வேண்டும்.

அடுத்ததை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன். கணவருக்கு உதட்டில் கொப்புளம் இருக்கும்போது வாய்வழி உறவு கூடாது. உதட்டில் இருக்கும் அதே முதல் வகை வைரஸ் பிறப்புறுப்பிலும் தொற்றும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அங்கே முதன்முறையாகத் தொற்றினால், பிரசவப் பாதையில் குழந்தைக்கு வைரஸ் பரவும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பதிலிருந்து ஐம்பது வரை உயர்கிறது. பழைய தொற்று மீண்டும் எழும்போது இது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. கொப்புளம் இல்லாத நாட்களிலும் எச்சிலில் வைரஸ் இருக்கக்கூடும் என்பதால், கணவருக்கு வழக்கமாக வரும், மனைவிக்கு ஒருபோதும் வந்ததில்லை என்கிற தம்பதியர் ஏழாம் மாதத்திலிருந்து குழந்தை பிறக்கும் வரை இதை முழுவதுமாகத் தவிர்ப்பதே சரி. மருத்துவரிடம் இதைப் பேச வெட்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். அவர்கள் இதைத் தினமும் கேட்பவர்கள்.

தாமதிக்கக் கூடாத நேரங்கள்

கண் சிவந்து வலித்தாலோ வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். பிறப்புறுப்பிலோ தொடையிடுக்கிலோ கொப்புளம், எரிச்சல், சிறுநீர் கழிக்கும்போது கடும் வலி இருந்தால் மகப்பேறு மருத்துவருக்கு அன்றே தெரிய வேண்டும். கொப்புளத்தோடு கடும் காய்ச்சல், வலது மேல் வயிற்றில் வலி, வாந்தி, கண் மஞ்சளாதல், தாங்க முடியாத தலைவலி, குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால், அரிதாக வைரஸ் கல்லீரலையோ மூளையையோ தாக்கியிருக்கலாம். காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பத்து நாட்களைத் தாண்டியும் புண் ஆறவில்லை என்றாலும், சிரங்கு போலப் பரவித் தேன் நிறத்தில் நீர் வடிந்தாலும் காட்ட வேண்டும். எக்சிமா எனும் தோல் அழற்சி உள்ளவர்களுக்கு அதன் மேல் கொப்புளங்கள் பரவினால் அதுவும் அவசரம்.

பிரசவமும் அதன் பிறகும்

உதட்டில் கொப்புளம் இருப்பது அறுவைசிகிச்சைக்குக் காரணமாகாது. சுகப்பிரசவத்துக்கு அது தடையே இல்லை. பிரசவ வலி தொடங்கும்போது பிறப்புறுப்பில் கொப்புளம் இருந்தாலோ, கடைசி வாரங்களில் அங்கே முதல் தொற்று வந்திருந்தாலோதான் சிசேரியன் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். பிறப்புறுப்பில் முன்பே வந்திருப்பவர்களுக்கு 36-ஆம் வாரத்திலிருந்து பிரசவம் வரை தினமும் மாத்திரை கொடுப்பதும் உண்டு. அதனால்தான் எங்கே வந்தது, எப்போது வந்தது என்று பதிவில் எழுதியிருக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் நாளில் உதட்டில் கொப்புளம் இருந்தால், பிரசவ அறையில் சேரும்போதே செவிலியரிடம் சொல்லி முகக்கவசம் கேளுங்கள்.

பிறந்த குழந்தைக்கு ஹெர்பீஸ் வருவது அரிது; உலக அளவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்குப் பத்து என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் வந்தால் உயிரைப் பறிக்கும், பிழைத்தாலும் மூளையைப் பாதிக்கும். இவற்றில் சுமார் பத்தில் ஒரு பங்கு பிறந்த பிறகு, யாரோ ஒருவரின் உதட்டிலிருந்தோ கையிலிருந்தோ வந்தவை. இந்த ஒரு பங்கை வீட்டிலேயே தடுத்துவிட முடியும்.

தாய்க்குக் கொப்புளம் இருந்தால் பொருக்கு முழுவதும் உதிரும் வரை குழந்தையை முத்தமிடக் கூடாது. பால் கொடுக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் முகக்கவசம் அணிந்து, ஒவ்வொரு முறையும் கை கழுவ வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், ஏனெனில் பால் வழியாக இந்த வைரஸ் பரவுவதில்லை, அசைக்ளோவிர் சாப்பிடும்போதும் பால் கொடுக்கலாம். மார்பில், முலைக்காம்பில் கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கத்துப் பாலைக் கொடுக்கக் கூடாது. பம்பு அந்தப் புண்ணில் பட்டு எடுத்த பாலையும் கொட்டிவிட்டு, புண்ணை மூடி, மறுபக்கம் கொடுத்து மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பார்க்க வருகிறவர்கள் விஷயத்தில் உறுதி வேண்டும். குழந்தை பிறந்ததும் பெரியவர் ஒருவர் விரலைச் சர்க்கரைத் தண்ணீரிலோ தேனிலோ தொட்டு நாக்கில் வைக்கும் சேனை வழக்கமும், குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் வாய் வைத்து ஊதிவிடும் பழக்கமும் எச்சிலைக் குழந்தைக்குள் கொண்டு போகின்றன. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பது எப்படியும் மருத்துவர்களின் அறிவுரை. பாட்டி மனம் நோகாமல் சொல்ல ஒரு வழி உண்டு: "டாக்டரம்மா ஒரு மாசத்துக்கு யாரும் முத்தம் கொடுக்கக் கூடாது, வாய் வெச்சு ஊதக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க பாட்டி, காலைத் தொட்டுக் கொஞ்சுங்க." இதைக் கணவரோ மாமியாரோ சொன்னால் பிள்ளை பெற்றவள் மேல் பழி விழாது, ஆகவே பிரசவத்துக்கு முன்பே அவர்களிடம் பேசி வைத்துவிடுங்கள். உதட்டில் கொப்புளம் இருக்கிறவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் அது ஆறிய பிறகு வந்து பார்க்கட்டும்.

முதல் நான்கு வாரங்களில் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, உடல் 100.4 டிகிரிக்கு மேல் சுட்டாலோ மாறாகச் சில்லிட்டிருந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, தோலிலும் கண்ணருகிலும் வாயிலும் சிறு நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். கொப்புளமே இல்லாமலும் இந்த நோய் வரும் என்பதால், தோல் சுத்தமாக இருக்கிறது என்று சமாதானம் அடையாதீர்கள். சந்தேகம் இருக்கும்போதே நரம்பு வழியாக அசைக்ளோவிரைத் தொடங்கிவிடுவார்கள். நோய் உறுதியானால் சிகிச்சை 14 அல்லது 21 நாட்கள் நீளும், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. அங்கே போனதும், கர்ப்ப காலத்தில் உங்களுக்கு எப்போது கொப்புளம் வந்தது, குழந்தை பிறந்த பின் வீட்டில் யாருக்கு எந்தத் தேதியில் இருந்தது, அவர்கள் குழந்தையைத் தூக்கினார்களா, முத்தமிட்டார்களா என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.